பொருள் சொல்லும் உரிமை

சட்டம் எழுத்திலே இருக்கிறது. அதன் வாழ்வோ அதற்குக் கூறப்படும் பொருளிலே இருக்கிறது. ஒரே வாசகத்தை நிலவுடையோன் ஒருவாறு படிப்பான். அந்நிலத்தில் உழைப்பவன் வேறொருவாறு படிப்பான். இவ்விரு வாசிப்புக்களுள் எது செல்லும் என்று தீர்க்கும் இடமே நீதிமன்றம். ஆதலால், சட்டம் இயற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்ற கேள்விக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம், அதற்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்ற கேள்விக்கும் உண்டு. நாட்டு நீதிமன்றம் ஒன்றும் நாட்டெல்லைக்கு அப்பாலுள்ள மன்றம் ஒன்றும் ஒரே சட்டத்துக்குப் பொருள் கூற உரிமை கொண்டாடும்போது இக்கேள்வி மேலும் சிக்கலடைகிறது. அயலிலே வாழ்பவனே பொருளறிவான் என்பர் ஒரு சாரார்; தொலைவிலே நிற்பவனே பக்கஞ் சாராது பார்ப்பான் என்பர் மறுசாரார். நமது நாட்டின் அனுபவம் இவற்றுள் எதனை மெய்ப்பிக்கிறது? அல்லது, கேள்வியையே நாம் பிழையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோமா?

யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிய கேள்வியன்று. நமது வழக்காறுகளின் தொகுப்பாகிய தேசவழமை எழுத்துருப் பெற்றது ஒல்லாந்தர் ஆட்சியிலேயாகும். ஆளுநர் சிமோன்ஸ் பணித்தபடி, யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அதனைத் தொகுத்து முடித்தார். அத்தொகுப்புத் தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதனைப் படித்துப் பார்த்து, இது நம் வழமையே என்று ஒப்புதல் அளித்தனர். 1806இல் ஆங்கில ஆட்சி அதற்குச் சட்டவலு வழங்கியது. அந்நியன் எழுதினான், உள்ளூரவர் சரிபார்த்தனர். பொருள் சொல்லும் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டமைக்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுமோ என்று தோன்றலாம். ஆனால் அத்தொகுப்பினுள்ளே அடிமைகளைப் பற்றிய விதிகளும் இருந்தன. சில சாதி மக்களைப் பிறரின் உடைமையாக எண்ணிய அவ்விதிகளைச் சரிபார்க்க முதலியார்கள் அழைக்கப்பட்டனர், அடிமைகள் அழைக்கப்படவில்லை. உள்ளூர்க்குரல் எனப்படுவது எப்போதும் மக்களின் குரலாக இருந்துவிடுவதில்லை என்ற உண்மையை, நமது சொந்த வரலாற்றின் இந்த ஏட்டிலிருந்தே நாம் படித்துக்கொள்ளலாம்.

இனி, இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றபோது, சட்டத்துக்கு இறுதிப் பொருள் சொல்லும் உரிமை இலண்டனிலேயே தங்கிவிட்டது. இந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பிலிருந்து கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யலாம் என்ற ஏற்பாடு மாற்றமின்றித் தொடர்ந்தது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, எந்த ஒரு சமூகத்தவர்மீதும் ஏனையோர்க்கில்லாத தடைகளைச் சுமத்தும் சட்டத்தையோ, ஏனையோர்க்கில்லாத சலுகையை ஒரு சமூகத்தவர்க்கு வழங்கும் சட்டத்தையோ பாராளுமன்றம் இயற்றலாகாது என விதித்தது. வாசகம் தெளிவானது. ஆனால் எது தடை, எது சலுகை என்று சொல்ல வேண்டியவர்கள் நீதிபதிகள். அவர்களுள் இறுதியானவர்கள் இந்நாட்டு மண்ணிற் கால் வைத்தே அறியாதவர்கள்.

அவர்கள் எவ்வாறு பொருள் சொன்னார்கள்? முதலில் மலையகத்தைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் சேர்ந்து, இந்நாட்டின் செல்வத்தைத் தம் முதுகிற் சுமந்த தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையைப் பறித்தன. றுவான்வெலைத் தொகுதியின் வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைப் பதியக் கோரிய கோடக்கன்பிள்ளையின் வழக்கு 1953இல் கோமறைக் கழகத்தை அடைந்தது. குடியுரிமை யார்க்குரியது என வரையறுப்பது எந்த நாட்டுக்கும் இயல்பான உரிமை. அச்சட்டங்கள் 29ஆம் பிரிவை மீறவில்லை என்று கழகம் தீர்த்தது. கொழும்பு உயர் நீதிமன்றத்தின் முடிவும் அதுவே. தொலைவிலிருந்தவனும் அயலிலிருந்தவனும் ஒரே குரலிற் பேசினர். இலட்சக்கணக்கான உழைப்பாளர் நாடற்றவராயினர். இலண்டனின் நடுநிலையில் மட்டற்ற நம்பிக்கை வைப்போர் இந்த வழக்கை மறந்துவிடலாகாது.

எனினும், அதே கழகம் பின்னாளில் வேறொரு முகத்தையுங் காட்டியது. 1964இல் இலஞ்ச ஆணையாளருக்கும் ரணசிங்கவுக்கும் இடையிலான வழக்கில், பாராளுமன்றமும் யாப்பு விதித்த முறைக்குக் கட்டுப்பட்டதே என்று அது தீர்த்தது. 29ஆம் பிரிவு இந்நாட்டு மக்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையின் அடிப்படை என்ற கருத்தையும் அங்கே வெளியிட்டது. 1962ஆம் ஆண்டு இராணுவச் சதியில் ஈடுபட்டவர்களைத் தண்டிப்பதற்கென்றே பின்னோக்கிய விளைவுடன் இயற்றப்பட்ட சட்டத்தை, 1965இல் லியனகே வழக்கிலே செல்லாததாக்கியது. சதிகாரர்மீது நமக்கு எவ்வித பரிவும் இல்லை. ஆயினும், குறிப்பிட்ட சில மனிதரை நோக்கிச் சட்டம் தைக்கும் வழக்கம் ஒருமுறை தொடங்கிவிட்டால், அடுத்த சட்டை யாருடைய அளவுக்குத் தைக்கப்படும் என்பதைத் தொழிலாளி வர்க்கம் நன்கறியும்.

இப்பின்னணியிலேதான் கோடீஸ்வரன் வழக்கை நாம் நோக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அதனை நடைமுறைப்படுத்த 1961இல் வெளியான திறைசேரிச் சுற்றறிக்கை, அரசாங்க ஊழியர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியடையாவிடின் அவர்களின் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்றது. கேகாலைக் கச்சேரியிற் கடமையாற்றிய தமிழ் எழுதுவினைஞராகிய கோடீஸ்வரனுக்கு 1962 ஏப்ரலிற் கிடைக்க வேண்டிய சம்பள ஏற்றம் இவ்வாறு நிறுத்தப்பட்டது. மாதத்துக்குச் சில ரூபாய்களே பெறுமதியான ஏற்றம் அது. ஆனால் அச்சில ரூபாய்களின் பின்னே, ஒரு மொழியினர் தம் மொழியை வைத்துக்கொண்டே இந்நாட்டின் சமமான குடிகளாக வாழலாமா என்ற கேள்வி நின்றது. அவர் சட்டமா அதிபர்மீது வழக்குத் தொடுத்தார்.

1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி டி கிரெற்சர் நேரான விடை தந்தார்: அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது, ஆகவே செல்லாது. தமிழரல்லாத ஒரு நீதிபதி, நாட்டின் கீழ்ப்படி நீதிமன்றமொன்றிலிருந்து, ஓர் அரசாங்கத்தின் தலையாய சட்டத்தை நோக்கிக் கூறிய விடை இது என்பதைப் பதிவு செய்தல் நமது கடமையாகும்.

அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்குத் தொடரவே முடியாது என்று தீர்த்தது. வழக்கே தொடர முடியாதெனின், மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்பதைப் பேச வேண்டிய அவசியமும் இல்லாமற் போயிற்று. வாசலில் வந்து நின்றவனிடம், நீ கேட்பது சரியா பிழையா என்று சொல்லாமல், கேட்க உனக்கு உரிமையில்லை என்று கூறிக் கதவைச் சாத்தியது போன்றது இது.

கோடீஸ்வரன் இலண்டனுக்குப் போனார். 1969 டிசம்பரில் டிப்ளொக் பிரபு வழங்கிய தீர்ப்பு நம்மைச் சிந்திக்கத் தூண்டும் ஒரு முரணைக் கொண்டது. அரச ஊழியன் சம்பளத்துக்கு வழக்காட முடியாது என்ற கொள்கை ஆங்கிலேய மரபு சார்ந்தது. இலங்கையிலோ உரோம-டச்சுச் சட்ட வழியில், அரசின்மீது ஒப்பந்த வழக்குத் தொடரும் உரிமை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஏற்றுக்கொள்ளப்பட்டு வந்துள்ளது. ஆகவே ஊழியன் வழக்காடலாம் என்று கழகம் தீர்த்தது. இலங்கை நீதிபதிகள் இங்கிலாந்தின் மரபிற் சாய்ந்திருக்க, இங்கிலாந்தின் பிரபுக்கள் இலங்கையின் சட்டத்தை நினைவூட்டினர்! உள்ளூர் மன்றமாகையால் உள்ளூர்ப் பொருளையே சொல்லும், அந்நிய மன்றமாகையால் அந்நியப் பொருளையே சொல்லும் என்ற எளிய கணக்கு இவ்விடத்திற் பொய்த்துவிடுகிறது.

ஆனால் அதற்கு அப்பால் அவர்கள் செல்லவில்லை. மொழிச் சட்டம் யாப்புக்கு முரணானதா என்ற மூலக் கேள்வியில் இலங்கை உயர் நீதிமன்றத்தின் கருத்தை முதலிற் பெறாமல் தாம் முடிவு கூறுதல் பொருந்தாது என்று சொல்லி, வழக்கைக் கொழும்புக்கே திருப்பியனுப்பினர். முறைப்படி நோக்கின் இதிற் குறை காண்பதற்கில்லை. நாட்டு நீதிமன்றத்தை மதித்து, அதன் பங்கை அதற்கே விட்டுக்கொடுத்த கண்ணியமான செயல் அது. பொறுப்பைப் பகிர்தல் என்பதன் இலட்சிய வடிவம் இதுதான் என்று சட்ட நூலோர் கூறவுங் கூடும்.

அந்தக் கண்ணியத்தின் நடுவிலேதான் கேள்வி செத்துப்போயிற்று. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22ஆந் திகதி பிறந்த குடியரசின் யாப்பில் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அதற்கு மாறாக, எந்தச் சட்டத்தின் செல்லுபடியைக் கோடீஸ்வரன் கேள்விக்குள்ளாக்கினாரோ, அந்த 1956ஆம் ஆண்டுச் சட்டமே யாப்பின் 7ஆம் பிரிவிற் பெயர் குறித்து ஏற்றி வைக்கப்பட்டது. நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றங்கள் ஆராயும் அதிகாரமும் அகற்றப்பட்டது. வினாத்தாளையே கிழித்துவிட்டால் விடை எழுத வேண்டியதில்லை அல்லவா? தமிழும் அரசகரும மொழியாகும் என்று யாப்பிலே எழுதப்பட 1987ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அதற்குள் இந்த நாடு கொடுத்த விலையை இங்கே எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இடதுசாரிச் சிந்தனை கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு சங்கடம் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. 1956இல் தனிச் சிங்கள மசோதாவை எதிர்த்து வாக்களித்தவற்றுள் இடதுசாரிக் கட்சிகளும் இருந்தன. 1972இல் யாப்பை ஆக்கும் பொறுப்பைச் சுமந்த அமைச்சரோ, அவ்வியக்கத்தின் பெருந்தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. ஏகாதிபத்தியத்தின் எச்சமாகிய கோமறைக் கழகத்தை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. ஒரு விடுதலை பெற்ற நாட்டின் வழக்குகள் வெஸ்ட்மினிஸ்டரில் முடிவாவதை எந்த முற்போக்காளன் விரும்புவான்? இந்தியா 1949இலேயே அத்தொடர்பை வெட்டிக்கொண்டது. ஆனால் இந்தியா வெட்டியபோது, இலண்டனிடமிருந்த அதிகாரத்தைத் தன் உச்ச நீதிமன்றத்திடம் கொடுத்தது. அடிப்படை உரிமைகளை மீறும் சட்டத்தைத் தள்ளிவிடும் வலிமையையும் யாப்பின்மூலம் அதற்கு அளித்தது. இங்கோ இலண்டனிடமிருந்து பறிக்கப்பட்ட அதிகாரம் கொழும்பு நீதிபதியின் கைக்கு வரவில்லை. அது பாராளுமன்றப் பெரும்பான்மையின் கையிற் போய்ச் சேர்ந்தது. அந்நியனிடமிருந்து மீட்கப்பட்ட உரிமை யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று கேட்க மறந்ததே அன்றைய இடதுசாரிகளின் பெருந்தவறு எனலாம்.

கோடீஸ்வரன் வழக்கிலே விடை கூறப்படவில்லை. மூன்று தசாப்தங்களின் பின் எழுந்த சிங்கராசா வழக்கிலே விடை கூறப்பட்டது, கேட்கப்படவில்லை. 1979ஆம் ஆண்டில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ எனப் பெயர் சூட்டப்பட்டு, நான்கு தசாப்தங்களைக் கடந்தும் நடைமுறையில் நின்ற பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு ஒரு தமிழ் இளைஞருக்கு 1995இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. தமக்குத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்திலே பலவந்தமாகப் பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது என்பது அவரின் முறைப்பாடு. வாக்குமூலம் பலவந்தத்தாற் பெறப்பட்டது என்பதை எதிரியே நிரூபிக்க வேண்டும் என்றது அச்சட்டம். சிறைக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் நடந்ததற்குச் சாட்சியை அவர் எங்கே தேடுவார்?

இலங்கை அரசு 1997இல், குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையை ஏற்றிருந்தது. தம் உரிமை மீறப்பட்டதாகக் கருதுவோர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவிடம் முறையிட அது வழி செய்தது. 2004 ஜூலையில் அக்குழு சிங்கராசாவின் முறைப்பாட்டை ஆராய்ந்து, நிரூபிக்கும் சுமையை அவர்மீது ஏற்றியதன்மூலம் நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது எனக் கருத்துரைத்தது. விடுதலை அல்லது மறு விசாரணை, அத்துடன் நட்டஈடு ஆகியன அடங்கிய பரிகாரம் அளிக்கப்பட வேண்டும் என்றது. அக்கருத்தைக் கையிற்கொண்டு அவர் மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 2006 செப்டெம்பரில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வாவின் தலைமையிலான ஆயம் தீர்ப்பளித்தது: நீதித்துறை அதிகாரம் மக்களின் இறைமையின் ஒரு பகுதி, அதனை ஜெனீவாவிலுள்ள குழுவுக்கு வழங்க ஜனாதிபதிக்கு அதிகாரமில்லை, ஆகவே நெறிமுறையில் இணைந்ததே யாப்புக்கு முரணானது. விண்ணப்பம் தள்ளப்பட்டது.

இத்தீர்ப்பின் வாதத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. பாராளுமன்றத்தின் அங்கீகாரமின்றி ஆட்சித் தலைவர் ஒருவர் வெளிநாட்டு உடன்படிக்கைகளால் நாட்டின் சட்டத்தை மாற்றிவிடக் கூடுமாயின், நாளை அவர் உலக வங்கியுடன் செய்யும் உடன்படிக்கையும் அவ்வாறே நம்மைக் கட்டக்கூடும். ஆனால் குழு சொன்னது சட்டத்தை மாற்றும் ஆணையன்று. ஒரு மனிதனின் விசாரணை நியாயமாக நடந்ததா என்ற கேள்விக்கான கருத்து. அதனை ஏற்காமலும் செவிமடுக்கலாம். அவ்வாறு செவிமடுக்க அந்நீதிமன்றத்துக்குத் தெரிந்துமிருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன், 2000ஆம் ஆண்டில் வீரவன்ச வழக்கிலே, அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நடந்த தடுத்துவைப்பை ஆராய்ந்தபோது, நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அதே சர்வதேச உடன்படிக்கையைத் தம் பொருள் விளக்கத்துக்குத் துணைக்கொண்டார். அதனால் நாட்டின் இறைமை இம்மியும் குறைந்துவிடவில்லை. நியாயம் பெற்ற குடிமகன் ஒருவனால் அது வலுவடைந்தது.

நாட்டு நீதிமன்றம் வெளி மன்றத்தை மறுக்கவே கூடாது என்று இதன்மூலம் நாம் கூறுகின்றோமா? இல்லை. ஐரோப்பாவிலே இதற்கொரு நல்ல ஒப்பீடு உண்டு. 1957ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கை, முதலாளித்துவ நாடுகள் தம் சந்தைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடுதான். ஆயினும் அதன் 177ஆம் உறுப்புரை (இன்று 267ஆவது) நுட்பமான ஒரு வேலைப் பங்கீட்டைச் செய்தது. பொதுச் சட்டத்தின் பொருளில் ஐயம் எழின் நாட்டு நீதிபதி லக்சம்பேர்க்கிலுள்ள நீதிமன்றத்திடம் வினவலாம். இறுதிப்படி நீதிமன்றமாயின் வினவியே ஆகவேண்டும். லக்சம்பேர்க் பொருளை மட்டும் கூறும். வழக்கைத் தீர்ப்பவர் நாட்டு நீதிபதியே. இப்பங்கீட்டில் 1974இல் மேற்கு ஜேர்மனியின் யாப்பு நீதிமன்றம் முரண்டு பிடித்தது. எங்கள் யாப்பு அளிப்பதற்கு ஒப்பான அடிப்படை உரிமைகளை நீங்கள் உறுதிப்படுத்தும்வரை, உங்கள் சட்டத்தை நாங்கள் ஆராய்வோம் என்றது. லக்சம்பேர்க் நீதிமன்றம் உரிமைகளின் பக்கம் மேலும் நெருங்கியது. 1986இல், இனி அப்பாதுகாப்புப் போதுமானது என்று ஜேர்மன் மன்றம் தன் ஆய்வை நிறுத்திவைத்தது.

இரண்டு மன்றங்களும் வெளியாரை மறுத்தன. இரண்டும் தத்தம் யாப்பின் பெயராலேயே மறுத்தன. ஜேர்மன் மன்றம் தன் குடிமகனின் உரிமை குறைந்துவிடுமோ என்று அஞ்சி மறுத்தது. கொழும்பு மன்றம், குறைந்துபோன தன் குடிமகனின் உரிமையைக் கூட்டித் தரச் சொன்னதற்காக மறுத்தது. ஆகவே, அயல் மன்றமா தொலை மன்றமா என்று கேட்பது பிழையான கேள்வி. பொருள் சொல்லும் உரிமைக்காகப் போராடும் மன்றம், அவ்வுரிமையைப் பெற்று யார் பக்கம் நின்று பொருள் சொல்லப் போகிறது என்பதே அறம் சார்ந்த கேள்வியாகும். இறைமை மக்களுடையதென்றால், அது வலியோனுக்கெதிராக மெலியோன் தூக்கும் கேடயமாக இருத்தல் வேண்டும். மெலியோனின் வாயை அடைக்கும் துணியாக அது மாறும்போது, அதனை நாட்டுப்பற்று என்று அழைத்தல் சொற்களுக்குச் செய்யும் துரோகம்.

இவ்வளவும் கொழும்பை நோக்கிச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக உறங்கிவிட முடியாது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலிலே நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபட உரிமை கோரி நின்றனர். ஆகமத்துக்கும் வழமைக்கும் பொருள் சொல்ல நாங்களே உரியவர்கள், வெளியார் இதிலே தலையிடுவதற்கில்லை என்று கூறி வாசலை மறித்தனர் வேறு சிலர். உரிமை கோரியோரின் பக்கம் நின்றது, கொழும்பிலே 1957இல் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம். கொழும்பு மன்றம் ஜெனீவாவை நோக்கிச் சொன்ன அதே வாசகத்தை, யாழ்ப்பாணத்து உயர்சாதியினர் கொழும்பை நோக்கிச் சொல்லியிருந்தனர்! ஒன்றை அநீதியென்று கொதித்து, மற்றதைப் பண்பாடென்று போற்றுவோரிடம் இருப்பது நீதியுணர்வன்று, இடத்துக்கேற்ற இலாபக்கணக்கே.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம் வாசகர்கள் வகுப்பறைகளிலே ‘நாட்டின் இறைமை’ என்ற சொற்றொடரைப் படிப்பிக்கவும் படிக்கவும் வேண்டியவர்கள். அச்சொற்றொடர் வரும்போதெல்லாம் கேகாலைக் கச்சேரியின் அந்த எழுதுவினைஞரை அவர்கள் நினைவிற் கொள்வாராக. அவர் கேட்டது ஒரு கேள்வி. மாவட்ட நீதிபதி ஒருவர் விடை சொன்னார், உயர் நீதிமன்றம் விலகியது, இலண்டன் திருப்பியனுப்பியது, பாராளுமன்றம் கேள்வியையே அழித்தது. ஒரு மன்றம் இன்னொன்றுக்கு மரியாதை செய்வது நல்லதே. ஆனால் மன்றங்கள் தமக்குள் மரியாதை செய்துகொண்டிருக்கையில், வாசலில் ஒரு மனிதன் விடைக்காக நிற்கிறான். அவனுக்கு விடை கூறுவதற்காகவே அவை யாவும் கட்டப்பட்டன.